எஞ்சின் சங்கிலியின் எச்சரிக்கை

 

வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் குடும்பத் தலைவர், பல மாதங்களாக வாசலில் நின்ற காரை இயக்குகிறார். எஞ்சின் உயிர் பெற்ற முதற் கணத்தில், தகர டப்பாவிற்குள் கூழாங்கற்களை இட்டுக் குலுக்கியது போன்ற ஓர் ஒலி எழுகிறது. “டைமிங் செயின் போய்விட்டது, உடனே மாற்ற வேண்டும்” என்கிறார் மெக்கானிக். “ஓடுகிற வரை ஓடட்டும்” என்கிறார் மைத்துனர். “சத்தம் கேட்காத நேரமாகப் பார்த்து விற்றுவிடலாம்” என்கிறார் தரகர். விடுமுறையோ முடியப்போகிறது. அவர் விமானம் ஏறிய பின் அந்தக் காரில் செல்லப்போகிறவர்கள் மனைவியும் மக்களும் முதிய பெற்றோருமே. யார் சொல்லை ஏற்பது?

இத்தகைய நிலை நம் இல்லங்கள் பலவற்றிலும் நேர்வதுண்டு. ஆகவே, இம்மாதம் இதுபற்றிச் சிறிது சிந்திப்போம்.

எஞ்சினுக்குள் பிஸ்டன்களால் சுழலும் தண்டு கிராங்க் ஷாஃப்ட். காற்றையும் புகையையும் உள்ளும் வெளியும் விடுகின்ற வால்வுகளைத் திறப்பது கேம் ஷாஃப்ட். முன்னது இருமுறை சுழன்றால் பின்னது ஒருமுறை சுழல வேண்டும். இந்தக் கணக்குப் பிசகாமல் இரண்டையும் பிணைத்து வைப்பதே டைமிங் செயின். சில எஞ்சின்களில் இப்பணியை ரப்பர் பெல்ட் செய்கிறது. பெல்ட்டிற்கு இத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்னும் தவணை உண்டு. சங்கிலிக்குப் பெரும்பாலும் அத்தகைய தவணை குறிக்கப்படுவதில்லை. அதனால் அது ஆயுள் முழுதும் உழைக்கும் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். சங்கிலியோ தேயும் பொருள். அதன் கண்ணிகளின் ஊசிகள் தேயத் தேய, முழுச் சங்கிலியும் சற்று நீண்டுவிடுகிறது. அந்தத் தொய்வை இழுத்துப் பிடிக்க டென்ஷனர் என்னும் உறுப்பு உண்டு. கார்களில் அது பெரும்பாலும் ஆயிலின் அழுத்தத்தால் இயங்குவது. அதன் நீட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை தாண்டியதும் சங்கிலி தளர்ந்து, தன்னை வழிநடத்தும் கைடுகளின்மீது அடிக்கத் தொடங்குகிறது. நாம் கேட்கும் ஒலி அதுவே.

2007ஆம் ஆண்டில் மாருதி ஸ்விஃப்ட் காரில் வந்து, பின்னர் டிசையர், இண்டிகா விஸ்டா முதலியவற்றிலும் இடம்பெற்ற 1.3 லிட்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது சங்கிலியே. மாருதி நிறுவனம் டீசல் கார்களை 2020இல் நிறுத்திவிட்டது. ஆகவே இன்று ஓடுகின்ற அத்தகைய மாருதி கார்கள் யாவும் வயது முதிர்ந்தவையே. அவ்வெஞ்சினில் சங்கிலி அறுந்தாலும், பல் தாவினாலும், வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அதன்பின் மாற்ற வேண்டியது சங்கிலி மட்டுமன்று, எஞ்சினின் மேற்பகுதியையே பிரித்துச் செப்பனிட வேண்டிவரும். அது நெடுஞ்சாலையில் நேர்ந்தால், விரைந்து செல்லும் லாரிகளுக்கு நடுவே வண்டி உயிரற்று நின்றுவிடும்.

அதற்காக, ஒலி கேட்டதும் அஞ்சிப் பணத்தைக் கொட்டவும் வேண்டியதில்லை. முதலில் ஒலி எப்போது எழுகிறது என்பதைக் கவனியுங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் டென்ஷனருக்குள் இருந்த ஆயில் வடிந்துபோயிருக்கக்கூடும். இயக்கியதும் ஆயில் மீண்டும் ஏறும்வரை இரண்டு மூன்று வினாடிகள் ஒலித்து அடங்குவது அதனால் இருக்கலாம். ஒவ்வொரு காலையும் அவ்வொலி நீண்டுகொண்டே போனால், டென்ஷனரோ சங்கிலியோ தளர்ந்து வருகிறது என்று கொள்ளுங்கள். எஞ்சின் சூடேறிய பின்னும் ஓயாமல் ஒலித்தால், அதிலும் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், அந்த வண்டியை ஓட்டவே வேண்டாம். கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குச் செல்லுங்கள்.

அடுத்து ஆயிலைப் பாருங்கள். அளவு குறைந்துள்ளதா? கடைசியாக மாற்றியது எப்போது? வண்டி ஓடவில்லையே என்று ஈராண்டுகள் ஆயில் மாற்றாமல் விடுவது வெளிநாட்டில் வாழ்வோர் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ஓடாவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுதல் நலம். டீசல் எஞ்சினின் கரி கலந்த பழைய ஆயில் சங்கிலியை விரைந்து தேய்க்கும். டென்ஷனருக்குச் செல்லும் நுண்ணிய வழியில் கசடு அடைத்துக்கொள்வதும் உண்டு. எனவே முதற்செலவு, கையேட்டில் குறித்துள்ள தரத்தில் புதிய ஆயிலாக இருக்கட்டும். ஒலியை அடக்கவென்று கெட்டியான ஆயிலை ஊற்றச் சொல்வோர் உளர். குளிர்ந்த எஞ்சினில் கெட்டி ஆயில் மெதுவாகவே ஏறும். அதனால் நோய் தீராது. நீண்டுபோன சங்கிலியை எந்த ஆயிலும் சுருக்கிவிடாது என்பதையும் மறந்துவிடலாகாது.

மூன்றாவதாக, ஒலி சங்கிலியினுடையதுதானா என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டர் பேரிங், வெளிப்புற பெல்ட்டின் உருளை முதலியனவும் இதேபோல் இரையும். வெளிப்புற பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில வினாடிகள் மட்டும் இயக்கிப் பார்த்தால், ஒலி உள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்தா என்பது புலப்படும். கிராங்க், கேம் இரண்டின் கணக்கும் பிசகியிருந்தால் ஸ்கேனர் கருவியும் காட்டிக்கொடுக்கும். இவற்றையெல்லாம் செய்யாமல் காதால் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்புக் கூறும் மெக்கானிக்கிடம் வேலையை ஒப்படைக்குமுன், வேறொருவரிடமும் காட்டுங்கள். கணவர் ஊரில் இல்லாத வேளையில் இதைக் கேட்கச் சகோதரிகள் தயங்க வேண்டாம். பணம் கொடுப்பவர் காரணம் கேட்பது குற்றமன்று.

பழுது உறுதியானால் முழுத் தொகுதியையும் மாற்றுவதே சிக்கனம். சங்கிலியை மட்டும் மாற்றிவிட்டுத் தேய்ந்த பற்சக்கரங்களையும் கைடுகளையும் டென்ஷனரையும் அப்படியே விட்டால், புதிய சங்கிலியும் விரைவில் கெடும். எஞ்சினைத் திறக்கும் கூலியோ இரண்டாம் முறையும் அதே அளவுதான். கழற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். செலவிற்கு வழியில்லையெனில் வட்டிக்கு வாங்காதீர்கள். உறவினரிடமோ ஜமாஅத்தின் பைத்துல்மாலிலோ அழகிய கடனுக்கு முயலுங்கள். அதுவரை வண்டி வாசலிலேயே நிற்கட்டும். மோட்டார் சைக்கிளாயின் இவ்வேலை மிகச் சிறியது. அதைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

வண்டியின் விலையோடு ஒப்பிடுகையில் செலவு மிகுதியெனில் விற்றுவிடுவதும் தவறன்று. ஆனால் ஒலியை வாங்குபவருக்குச் சொல்லியே விற்க வேண்டும். எஞ்சினைச் சூடேற்றி ஒலியை அடக்கிவிட்டு வாங்குபவரை அழைப்பது ஏமாற்றே. மதீனாவின் கடைத்தெருவில் நனைந்த தானியத்தை அடியில் வைத்து விற்ற வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். ஈரம் வாங்குவோர் கண்ணில் படும்படி மேலே இருந்திருக்க வேண்டும் என்பதே அங்குக் கற்பிக்கப்பட்ட பாடம். குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹுச் சட்டமும் வாங்கியவருக்கு வழங்குகிறது. அவரும் ஒரு குடும்பத்தின் தலைவரன்றோ? அவருடைய பிள்ளைகளும் அதே நெடுஞ்சாலையில்தானே செல்வர்? குறையைச் சொல்வதால் விலையில் குறையும் தொகை நட்டமன்று. எஞ்சியது ஹலாலான பணமாக நம்மிடம் தங்குவதற்கு அதுவே விலை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்குமாறு பயிற்றுவிக்கப்பட்ட சமுதாயம் நாம். “ஓடுகிற வரை ஓடட்டும்” என்பது தவக்குல் ஆகாது, அசட்டையே. அஞ்சி அலைவதும் அறிவாகாது. கேட்டு, ஆய்ந்து, உறுதி செய்து, இயன்றதைச் செய்துவிட்டு, பயண துஆவை ஓதிப் புறப்படுங்கள்.

நம் இல்லத்தாரின் பயணங்களையெல்லாம் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.