பேஸ்மேக்கர் வெச்சாச்சு... அதோட 'நம்பர்' வீட்ல யாருக்காவது தெரியுமா?

பேஸ்மேக்கர் பொருத்தி வீட்டுக்கு அனுப்பும்போது, மருத்துவமனையில் ஒரு சின்ன அட்டை தருவார்கள். கம்பெனி பெயர், மாடல், சீரியல் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். பல வீடுகளில் அது டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்ந்து பீரோவுக்குள் போய்விடும். 'மெஷின் வெச்சாச்சு, இனி அது பார்த்துக்கும்' என்ற நிம்மதி.

சிக்கலே அந்த நிம்மதியில்தான். பேஸ்மேக்கர் வைத்துவிட்டு மறந்துவிடும் பொருள் அல்ல. ஒவ்வொருவருக்கும் ஏற்ப செட் செய்யப்படும் கருவி அது. அந்த செட்டிங் என்ன என்பதை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் புரியும் தமிழில் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

சரி, அது என்னதான் செய்யுது?

பேஸ்மேக்கர் ரத்தத்தை பம்ப் செய்வதில்லை. அந்த வேலை இதயத் தசையுடையது. 'இப்போ சுருங்கு' என்று தசைக்குச் சொல்லும் மின்சார சிக்னல், இதயத்தின் மேலறையில் உள்ள சைனஸ் நோட் என்ற இடத்தில் பிறக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை. அந்த சிக்னல் தாமதமானாலோ, கீழறைக்குப் போகும் வழியில் தடைபட்டாலோ தலைசுற்றல், மயக்கம் வரும். அங்கேதான் பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது.

அதன் முதல் வேலை, கேட்பது. வயரின் நுனி, இதயம் தானாகத் துடிக்கும்போது எழும் சில மில்லிவோல்ட் மின்சாரத்தைக் கவனிக்கும்.

இரண்டாவது, நேரம் பார்ப்பது. குறைந்தபட்சத் துடிப்பு 60 என்று செட் செய்திருந்தால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 1,000 மில்லி விநாடிதான் கெடு. அதற்குள் இதயம் தானாகத் துடித்தால் கடிகாரம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடும். கருவி சும்மா இருக்கும்.

கெடு முடிந்தும் துடிப்பு வரவில்லையா? மூன்றாவது வேலை, லேசாக ஒரு தட்டு. ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரம், சில வோல்ட். பெரும்பாலும் நோயாளிக்கு அது தெரியவே தெரியாது.

செட்டிங் தப்பானா?

கேட்கும் திறனை அதிகமாக வைத்தால், நெஞ்சுத் தசையின் மின்சாரத்தைக்கூட 'துடிப்பு' என்று நம்பி கருவி பேசாமல் இருந்துவிடலாம். முழுக்க அதையே நம்பியிருப்பவர் மயங்கி விழுவார். குறைவாக வைத்தால், இதயம் நன்றாகத் துடிக்கும்போதும் குறுக்கே புகும். வோல்டேஜ் குறைந்தால் தசை அசையாது. கூடினால் பேட்டரி சீக்கிரம் தீரும்.

2002-ல் வெளியான 'டேவிட்' ஆய்வு இதில் முக்கியமானது. ஏற்கெனவே இதயம் பலவீனமாகி, பேஸ்மேக்கர் வசதியும் சேர்ந்த ஐசிடி கருவி பொருத்தியவர்களிடம் அது நடந்தது. ஒரு பிரிவினருக்குத் துடிப்பு 70-க்குக் குறையாமல் கருவி பார்த்துக்கொண்டது. இன்னொரு பிரிவினருக்கு 40-க்குக் கீழே போனால் மட்டும் உதவி. இரண்டாவது பிரிவினர்தான் நல்ல நிலையில் இருந்தார்கள். கருவி ஒரே வகை, செட்டிங் மட்டும் வேறு!

'இதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு?'

ஓபி-யில் கூட்டம், நேரம் இல்லை, சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று டாக்டர்கள் தரப்பில் சொல்லப்படுவதுண்டு. கூட்டம் உண்மைதான். ஆனால், நம் ஊர் சுகர் நோயாளிகள் ஃபாஸ்டிங் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, எச்பிஏ1சி எவ்வளவு என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்களுக்குப் புரியும் எண்கள், பேஸ்மேக்கர் வைத்தவருக்கு மட்டும் புரியாதா?

தெரிந்தால் என்ன லாபம்? குறைந்தபட்சம் 60 என்று செட் செய்த ஒருவருக்கு, முழு நிமிடம் எண்ணிப் பார்த்தும் நாடி திரும்பத் திரும்ப 45 என்றே இருக்கிறது, கூடவே தலைசுற்றல். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது வீட்டில் இருப்பவருக்கே புரியும். அதேநேரம், தூக்கத்தில் 50 வரை இறங்கலாம் என்று செட் செய்திருந்தால், நள்ளிரவில் 52-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். நம்பர் தெரியாத வீட்டில், இரண்டுமே வெறும் பயம்தான்.

போன் விஷயமும் இப்படித்தான். வலுவான காந்தம் பக்கத்தில் வந்தால், பல பேஸ்மேக்கர்கள் கேட்பதை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் தட்ட ஆரம்பிக்கும். காந்தத்தை விலக்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால்தான் போனைக் குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். கருவி இருக்கும் பக்கச் சட்டைப் பையில் போன் வேண்டாம். காரணத்தோடு சொன்னால் யாரும் மறக்க மாட்டார்கள்.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியோடு தமிழில் ஒரு பக்கம், அவ்வளவுதான். அது வரும்வரை, அடுத்த செக்கப்பில் குடும்பத்தினர் இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம்:

• குறைந்தபட்சத் துடிப்பு எவ்வளவு? இரவுக்குத் தனி செட்டிங் உண்டா?

• 100 துடிப்பில் எத்தனை கருவி கொடுப்பது?

• பேட்டரி இன்னும் எத்தனை வருஷம் வரும்? அடுத்த செக்கப் எப்போது?

பதிலை அட்டையின் பின்னாலேயே எழுதி, பர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது. பீரோவில் இருக்கும் அட்டை, பஸ்ஸில் மயங்கி விழுந்தவருக்கு உதவாது.