மெட்டு வாசித்தால் போதுமா?

சரக்கு வண்டி பின்னால் வரும்போது ஒரு மெட்டு வாசிக்கும். கேட்டதும் நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். விடியும் முன் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் நம் போன்றவர்களுக்கு இதுதான் எழுதாத சட்டம்.

எழுதிய சட்டமோ வேறு சொல்கிறது. சாலை விதிமுறைகளின் சாரம் இது: யாருக்கும் ஆபத்தோ வீண் இடைஞ்சலோ நேராது என்று ஓட்டுநர் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும், பிறகுதான் வண்டியைப் பின்னால் எடுக்கலாம். கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதால் ஒரு சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போடுகிறேன்: ஓட்டுநர். பின்னால் நிற்பவர் அல்ல.

உறுதி செய்துகொள்ள வேண்டுமானால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மெட்டு நம் காதுக்கானது. ஓட்டுநர் கண்ணுக்கு அது எதையும் காட்டாது. காது மந்தமான கிழவர், மார்கழியில் குனிந்து கோலம் போடும் பெண், குப்பை வாரும் தொழிலாளி, இவர்களெல்லாம் பாட்டைக் கேட்டுத் தங்கள் உயிரைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள வேண்டுமாம். என்ன நியாயம் இது?

பெரிய பிக்-அப் வண்டியில் கூடைகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டுவிட்டால், உள்ளே இருக்கும் கண்ணாடியில் தார்ப்பாய்தான் தெரியும். வெளிக் கண்ணாடிகள் இரண்டும் பக்கங்களைக் காட்டும். நேர் பின்னால் இருப்பதைக் காட்டாது. இரவில் மிச்சமிருப்பது ரிவர்ஸ் விளக்கு ஒன்றுதான். பெரும்பாலும் 21 வாட் பல்பு. அதன்மேல் சேறு. நீளமான சரக்குக்காகப் பின்கதவைத் தொங்கவிட்டால் பல வண்டிகளில் அதுவும் மறைந்துபோகும். கேட்டால், “பழகின தெருதான் சார்” என்கிறார்கள். தெரு பழகியதுதான். அதில் இன்று யார் நிற்கிறார் என்பது எப்படிப் பழகும்?

கேமரா வைத்தால் தீர்ந்தது என்பார்கள் சிலர். நல்லதுதான், வைக்கட்டும். அமெரிக்காவில் 2018 மே 1 முதல், பிக்-அப் உட்பட எல்லாச் சிறிய புது வண்டிகளுக்கும் அது கட்டாயம். வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் திரையில் தெரிய வேண்டும் என்பது அங்கே விதி. ஆனால் கேமராவுக்கும் வெளிச்சம் வேண்டும். லென்ஸில் தூசியோ மழைத்துளியோ படிந்தால் படம் கலங்கிவிடும். விளக்கு இல்லாத கேமரா இருட்டைத்தான் படம் பிடிக்கும்.

இன்னும் சிலர் நேர் எதிர். கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. விளக்கைப் பின்னால் மாட்டி, எப்போதும் எரியவிடுகிறார்கள். பின்னால் ஸ்கூட்டரில் வருபவருக்கு ஒரு கணம் பாதையே தெரியாது. அதுவும் தவறு. வேண்டியது இவ்வளவுதான்: தரையைப் பார்த்துச் சாய்ந்த இரண்டு வெள்ளை விளக்குகள், ரிவர்ஸ் கியர் விழுந்தால் மட்டும் எரியும்படி. பின்னால் எடுக்கும்போது வண்டிக்குள் எரியும் விளக்கை அணைத்துவிட்டால், கண்ணாடியில் வெளியே இருப்பது இன்னும் தெளிவாகத் தெரியும். அதற்குக் காசே வேண்டாம்.

செலவைச் சொல்லி மழுப்பவும் முடியாது. மெட்டு வாசிக்கும் ஹாரனுக்கும் திருஷ்டிப் பொம்மைக்கும் பணம் இருக்கிறது, பல்புக்கு இல்லையா? முன்பெல்லாம் லாரியில் கிளீனர் ஒருவர் இருப்பார். இறங்கிப் பின்னால் நின்று, வண்டியைத் தட்டி, “வரட்டும், வரட்டும்” என்பார். “ஹோல்டான்” என்றால் வண்டி நிற்கும். அந்த ஒரு ஆள் கூலியை மிச்சம் பிடித்துவிட்டு, அவர் வேலையை நம் தலையில் கட்டிவிட்டார்கள். ஆள் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கி ஒருமுறை பார்த்துவிட்டு ஏறட்டும். அரை நிமிடம் ஆகுமா?

நான் பிரெஞ்சில் படித்தவன். ரிவர்ஸ் விளக்கை அங்கே ‘ஃபே த ரெகுல்’ என்பார்கள். ரெகுல் என்றால் பின்வாங்குதல். ‘பிராந்த்ர் துய் ரெகுல்’ என்றால், ஒரு விஷயத்தை எட்டி நின்று நிதானமாகப் பார்ப்பது. பின்னால் போவதற்கும் நிதானமாகப் பார்ப்பதற்கும் அவர்களுக்கு ஒரே சொல். நம் வண்டிக்காரர்களுக்குப் பாதி அர்த்தம்தான் எட்டியிருக்கிறது.

எஃப்.சி. காட்டப் போகும் நாளில் எரியும் விளக்கு மறுநாளும் எரிய வேண்டும். அதிகாரிகள் பகலில் பார்த்தால் போதாது. ஒருநாள் விடியும் முன் மார்க்கெட் பக்கம் வந்து பார்க்கட்டும். நாமும் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் கடைக்காரருக்குச் சரக்கு இறக்க வரும் வண்டியில் பின்விளக்கு எரியவில்லையென்றால், ஓட்டுநரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லையென்றால் கடைக்காரரிடம் சொல்லுங்கள். வாடிக்கையாளர் சொன்னால் அவர் காதில் விழும்.