சாய்தளமும் சிகிச்சையே

முதுகுத்தண்டில் காயமுற்ற முன்னாள் படைவீரருக்குச் சக்கர நாற்காலி கிடைத்ததும் மறுவாழ்வு நிறைவுற்றதாகப் பலரும் கருதுகின்றனர். அந்த நாற்காலி வீட்டு வாசலைக் கடக்குமா, கழிப்பறைக்குள் திரும்புமா என்று கேட்போர் குறைவு. ஓரடி உயர வாசலுக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். கதவு 90 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். இவை இல்லாத வீட்டில் அவர் படுக்கையிலேயே முடங்குகிறார். படுக்கைப்புண் வருகிறது, மீண்டும் மருத்துவமனைக்கு வருகிறார். எனவே வீட்டை மாற்றியமைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதே என் கருத்து.

இதற்கு உதவி அறவே இல்லை என்பதன்று. 100 விழுக்காடு ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கு, மத்திய சைனிக் வாரியத்தின் வழியாக, வீடு பழுதுபார்க்க 20,000 ரூபாய் வழங்கும் திட்டம் உள்ளது. ஆனால் கழிப்பறையை மாற்றி, சாய்தளமும் கட்ட இத்தொகை போதாது. ஊன அளவு சற்றே குறைந்தவரும் இதில் இடம்பெறுவதில்லை. மேலும், அவ்வீட்டில் பழுது ஏதுமில்லை. நடப்பவருக்காக மட்டுமே அது கட்டப்பட்டது என்பதே குறை.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான இத்தகைய உதவித் திட்டம் ஒன்றில், மருத்துவரின் பரிந்துரைச் சீட்டே விண்ணப்பத்திற்கு அடிப்படை. மருந்தைப் போலவே சாய்தளத்தையும் மருத்துவர் எழுதித் தருகிறார். அந்நடைமுறை இங்கும் வரவேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை உண்டு. வீடு திரும்பும் நாளுக்கு முன்பே வாசற்படியின் உயரம், கதவுகளின் அகலம், கழிப்பறையின் நீள அகலம் ஆகியவற்றை அளந்து, புகைப்படங்களுடன் எங்களிடம் கொண்டு வாருங்கள். எந்த மாற்றம் எதற்காகத் தேவை என்று மருத்துவர் கடிதம் கேட்டுப் பெறுங்கள். அதனுடன் படைவிலகல் சான்று, ஓய்வூதிய ஆணை, ஊனச் சான்று ஆகியவற்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டி, மத்திய உதவி, மாநில உதவி இரண்டையும் தனித்தனியே விசாரியுங்கள். வேலையைத் தொடங்குமுன் விதிகளைக் கேட்டறிவது நலம். கையிலுள்ள பணம் குறைவாயின் முதலில் கழிப்பறையைச் சீர்செய்யுங்கள். வழுக்கி விழும் ஆபத்து அங்கேதான் மிகுதி.

உதவி கேட்கத் தயங்கும் குடும்பங்களுக்கு ஒரு சொல். ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள் கொடிநாளில் மக்கள் நிதி அளிப்பது படைவீரர் நலனுக்காகவே. அதிலிருந்து உதவி கோருவது இரத்தல் ஆகாது.