பெருந்தொற்றுக் காலத் தனிமைப்படுத்தலும் மாணவர் விளையாட்டுப் பருவமும்

உங்கள் மகனோ மகளோ பள்ளி, கல்லூரி அணியில் விளையாடுபவராயின், தொற்றுநோய்க் காலத்தில் "எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும்?" என்ற கேள்வியுடன் "போட்டி என்னவாகும்?" என்ற கேள்வியும் எழும். கதிர்காமத்திலுள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி 2020-இல் கோவிட் சிகிச்சை மருத்துவமனையாகச் செயல்பட்டபோது, பள்ளி மைதானங்களும் மூடப்பட்டிருந்தன.

விதி கூறுவது என்ன?

நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பது ஒரு வகை. அவருடன் நெருங்கிப் பழகியவரைக் கண்காணிப்பில் வைப்பது மற்றொரு வகை. தொடக்கக் காலத்தில் தொடர்பில் இருந்தோருக்கு 14 நாள்கள் வீட்டுத் தனிமை விதிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம், லேசான தொற்றுடையோர் குறைந்தது 7 நாள்கள் கழிந்து, தொடர்ந்து 3 நாள்கள் காய்ச்சல் இல்லையெனில் வீட்டுத் தனிமையை முடித்துக்கொள்ளலாம் என அறிவித்தது. நோய்க்கும் காலத்துக்கும் ஏற்ப விதி மாறும். 2023 மார்ச்சில் இன்ஃபுளூயன்சா பரவலால் புதுச்சேரியில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு மார்ச் 16 முதல் 26 வரை விடுமுறை அளிக்கப்பட்டது.

மாணவர் அணிகளுக்குப் பாதிப்பு ஏன் கூடுதல்?

2022 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின்போது, அணித்தலைவர் யஷ் துல் உள்ளிட்ட 6 இந்திய வீரர்கள் தனிமைப்படுத்தப்பட்டனர். எஞ்சிய 11 பேரே அயர்லாந்துக்கு எதிராகக் களமிறங்கினர். துல் காலிறுதிக்குத் திரும்பினார். பிப்ரவரி 5-இல் இந்தியா கோப்பையை வென்றது. 17 பேர் கொண்ட அணியாதலால் இது இயன்றது. மாற்று வீரர் அதிகமில்லாத ஒரு பள்ளிக் கபடி அணியில், ஒரே பேருந்தில் சென்ற நால்வர் தனிமைக்குச் சென்றால், களத்தில் நிற்க வேண்டிய 7 பேரைத் திரட்டுவதே அரிதாகிவிடும்.

அதே ஜனவரியில் நம் நாட்டில் 19 வயதுக்குட்பட்டோருக்கான கூச் பெஹார் கோப்பையின் இறுதிக்கட்ட ஆட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. மூத்தோருக்கு அடுத்த ஆண்டு உண்டு. ஆனால், 14, 17, 19 என வயது வரம்புள்ள போட்டிகளில் நழுவிய ஆண்டு மீண்டும் வாராது. இந்த இழப்பு உண்மையானது. அதனாலேயே அறிகுறியை மறைக்கும் எண்ணமும் எழுகிறது. மறைத்தால், ஒருவர் தவறவிடும் ஆட்டம் முழு அணியும் தவறவிடும் பருவமாக மாறக்கூடும். அணியினரின் வீட்டிலுள்ள முதியோருக்கும் நோய் பரவக்கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருப்பின் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். உடற்கல்வி ஆசிரியருக்கு அன்றே தெரிவியுங்கள்.

• அறிகுறி தொடங்கிய நாளையும் பரிசோதனை நாளையும் குறித்து வையுங்கள். தனிமை நாள்களைக் கணக்கிட இவை தேவைப்படும்.

• தனிமை முடிந்த மறுநாளே போட்டிக்கு அனுப்பாதீர்கள். அன்றாட வேலைகளைக் களைப்பின்றிச் செய்ய முடிந்த பின்னர் நடை, மெதுவோட்டம், பயிற்சி, ஆட்டம் எனப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

• காய்ச்சல் 4 நாள்கள் அல்லது அதற்கு மேல் நீடித்திருந்தால், விளையாடத் தொடங்கும் முன் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுங்கள்.

• நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்படின் விளையாட்டை உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சில தொற்றுகளுக்குப் பின் இதயத் தசையில் அழற்சி ஏற்படுவதுண்டு. அரிதெனினும் இது ஆபத்தானது.

• ஆட்டத்தை இழந்த பிள்ளையின் வருத்தத்தைச் சிறிதென எண்ணாதீர்கள். அணியினருடன் தொலைபேசியில் பேச வாய்ப்பளியுங்கள். உண்மையைச் சொன்னதற்காகப் பாராட்டுங்கள்.