பொருந்தும் என்று சொல்லும் முன்



ஊழியத்திற்கென நான் ஓட்டிவரும் பழைய அம்பாசிடரை நீங்கள் அறிவீர்கள். கும்மிடிப்பூண்டி ஆராதனைக்குச் செல்லும் வழியில் அதைத் தள்ளிக்கொடுத்தவர்களும் உங்களில் உண்டு. சென்ற மாதம் அதன் டைனமோ பழுதுற்றது. மாற்று தேடி அலைந்தபோது எனக்குள் உறுதிப்பட்ட ஒரு கருத்தை, உதிரிபாகக் கடைகளிலும் தொழிற்பேட்டையிலும் உழைக்கும் உங்கள் முன் வைக்கிறேன்.

"இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை நம் திருவள்ளூரிலேயே இருந்ததே" என்றார்கள் பலர். அங்கே 1998 முதல் உருவானது மிட்சுபிஷி லான்சர். அம்பாசிடர் பிறந்ததோ வங்காளத்து உத்தர்பாராவில். 2014இல் அதுவும் நின்றது. ஆகவே கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் ஆல்டர்னேட்டர் ஒன்றை எடுத்துவைத்து, "எல்லா அம்பாசிடருக்கும் பொருந்தும், ஐயா" என்றார்கள். போல்ட் துளைகள் சரியாக இருந்தன, வாங்கிவந்தேன்.

நம் சபையைச் சேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதைத் தொடவேயில்லை. பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பார்த்தார். என் வண்டியில் பாசிட்டிவ் முனை பாடியோடு கட்டப்பட்டிருந்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த வண்டி அல்லவா. அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் அதுவே வழக்கம். கடையில் தந்ததோ நெகட்டிவ் எர்த்துக்கு உரியது. தலைகீழாக இணைத்த கணமே உள்ளிருக்கும் டயோடுகள் எரிந்துபோகும் என்றார். அதோடு முடியவில்லை. லூகாஸ் சி40 வகை டைனமோ தருவது 22 ஆம்பியர். அதற்கேற்ற வயரில் அதைவிட மிகுந்த மின்னோட்டம் பாய்ந்தால் வயர் சூடேறி உருகும். அந்த வண்டியில் நம் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்கிறேன்.

ஆல்டர்னேட்டரே ஆகாது என்று நான் சொல்லவில்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். டைனமோவால் அது இயலாது. பேட்டரி முனைகளை மாற்றி, பழைய ரெகுலேட்டரை விலக்கி, தடித்த வயர் இட்டு, புல்லியை பெல்ட்டோடு நேராக்கிப் பொருத்தினால் நன்றே. என் மனத்தாங்கல் "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்ற அந்த ஒரு சொல்லின்மேல்தான். எந்த ஆண்டு வண்டி, எந்த முனை பாடியில் உள்ளது, எத்தனை ஆம்பியர் என்ற மூன்று கேள்விகளில் ஒன்றும் எழவில்லை. கேளாமல் வாங்கிய குற்றம் எனக்கும் உண்டு. பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் சென்று, அதன்மேல் பொறித்த எண்ணைக் காட்டியிருக்க வேண்டும்.

கள்ளத்தராசைக் குறித்துப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். தராசே இல்லாத கடையிலும் அது தொங்கக்கூடும் என்று இப்போதுதான் கண்டேன். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் தரப்பரிசோதனைக்கு நிற்கும் நீங்கள், அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பாகத்தை ஒதுக்குகிறீர்கள். அதே கண்டிப்பு விற்பவரின் நாவுக்கும் வேண்டும். "இது உங்கள் வண்டிக்கு ஆகாது" என்றால் அன்றைய வியாபாரம் போகலாம். போகட்டும் என்றே உங்கள் போதகனாகச் சொல்கிறேன்.

நம் சகோதரர் ஆர்மேச்சரை மறுபடி சுற்றி, புதுப்பேட்டையில் தேடிப்பிடித்த புஷ்ஷையும் புதிய கார்பன் பிரஷ்களையும் இட்டு, பழைய டைனமோவையே உயிர்ப்பித்தார். கடையில் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. பதிலுக்கு ஏதேனும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று பெல்ட்டுகளும் ஒரு ஹாரனும் இப்போது என்னிடம் உள்ளன. ஞாயிறு மாலை சிக்னலில் என் முகப்பு விளக்கு மங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.