மாலையைக் கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்துவிட்டால் பெரியபாளையம் டீக்கடைகளில் கறுப்பு வேட்டி சாமிகளைப் பார்க்கலாம். டீயோடு சரி. போன வாரம் வரை ஒரு கையில் கிளாஸும் மறு கையில் சிகரெட்டுமாக நின்றவர்கள்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்தாலும் சரி, ஊத்துக்கோட்டை ரோட்டில் லோடு ஏற்றிப் போனாலும் சரி, ஒரு மண்டலத்துக்கு அதைத் தொடுவதில்லை. ஆடியில் பவானி அம்மனுக்கு விரதம் இருப்பவர்களிலும் இப்படிச் சிலர் உண்டு.

"என்னால விட முடியாது" என்று வருஷம் முழுக்கச் சொன்ன மனிதர், 48 நாள் இருந்து காட்டுகிறார். வீட்டில் பாதி சந்தோஷம், பாதி எரிச்சல். சாமிக்காக முடிகிறது, பிள்ளைகளுக்காக முடியாதா?

கஷ்டமான கட்டத்தை அவர் தாண்டிவிட்டார் என்பது அவருக்கே தெரியாது. நிகோடின் கிடைக்காமல் உடம்பு படும் பாடு முதல் மூன்று நாளில்தான் உச்சம். எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். மாலையைக் கழற்றும்போது உடம்பு கேட்பதை நிறுத்தியிருக்கும். மிச்சம் இருப்பது பழக்கம்: டீ வாசனை, அதே பெஞ்ச், அதே நண்பர்.

மறுநாள் காலை அந்த நண்பர்தான் நீட்டுவார். "ஒண்ணே ஒண்ணுதானே சாமி!"

அந்த ஒன்றைப் பற்றி 2018-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 141 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு, புகையே பிடிக்காதவர்களைவிட மாரடைப்பு போன்ற இதயநோய் ஆபத்து 48 சதவீதம் அதிகம். பெண்களுக்கு 57. தினம் 20 பிடிக்கும் ஆண்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு. அதாவது இருபதைக் குறைத்து ஒன்றாக்கினாலும், கூடுதல் ஆபத்தில் ஏறக்குறைய பாதி அப்படியே நிற்கிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு, பிடிக்கும் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். ரத்தக்குழாய் அப்படியில்லை, கொஞ்சம் புகை போனாலே ரத்தம் உறையும் தன்மை கூடிவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து புகையைச் சுவாசிக்கும் மனைவிக்கும் இதயநோய் வருவது இதனால்தான்.

பீடி என்றால் பரவாயில்லை என்பார்கள். அணைந்துவிடாமல் இருக்க அதை அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். நுரையீரலுக்கு அதில் எந்தச் சலுகையும் இல்லை.

இன்னொரு சங்கதி. சிகரெட் பாக்கெட்டின் இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. 2018-லிருந்து, புகையை விட உதவும் இலவச எண்ணும் அதிலேயே அச்சாகிறது: 1800-11-2356. ஆனால் டீக்கடையில் ஒன்று ஒன்றாக வாங்குகிறவர் கைக்குப் பாக்கெட் வருவதே இல்லை. படமும் எண்ணும் கடைக்காரருடைய டப்பாவுக்குள்ளேயே இருந்துவிடுகின்றன.

மலைக்குப் போய்த் திரும்பும் அன்றே வீட்டில் யாராவது அந்த எண்ணை அவர் போனில் பதிந்து வைக்கலாம். அடுத்த இரண்டு வாரம் காலை டீயை வீட்டிலேயே போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.