கோர்வைப் பக்கத்துப் பிள்ளை

"தெருவுல சுத்திக்கினு கெட்டுப்போறதுக்கு, தறியாண்ட உக்காந்தா இன்னா தப்பு? கண்ணெதிர்ல இருக்கான். கைத்தொழிலும் வந்துடுது."

ஒண்ணுபுரம், தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, அத்திமலைப்பட்டு என்று ஆரணியைச் சுற்றியுள்ள எந்தத் தறி ஊரின் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவர்கள் பிள்ளையை வெறுப்பவர்கள் இல்லை. தாத்தா சொல்கிறார், அம்மா சொல்கிறார். சாயங்காலம் நம்மோடு டீ குடிக்கும் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் தலையாட்டுகிறார். பிள்ளைக்கு நல்லது என்று நம்பிச் சொல்லப்படும் பேச்சு என்பதால்தான் இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை.

நானும் அந்த இடத்தில் உட்கார்ந்தவன். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அப்பாவின் தறியில் கோர்வைப் பக்கம் என்னுடையது. விடியற்காலையில் இரண்டு மணி நேரம், பள்ளி விட்டு வந்ததும் இருட்டும் வரை, ஞாயிற்றுக்கிழமை முழு நாள்.

கோர்வை என்றால் என்னவென்று புடவை கட்டுகிற பலருக்கே தெரியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலின் குறுக்கு நூலான ஊடை கரைக்குள் நுழையக் கூடாது, கரையின் ஊடை உடலுக்குள் போகக் கூடாது. இரண்டும் சந்திக்கிற கோட்டில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். அதற்கு ஊடையைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. நெய்பவரின் இரண்டு கைக்கு இத்தனையும் அடங்காது. ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கரையின் நாடாவை விட்டு, நூலைக் கோர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த இன்னொருவருக்குப் பெரியவர் கூலி கொடுத்தால் நெய்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் அங்கே பிள்ளையை உட்கார வைத்தார்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அந்தப் பிள்ளை "போதும்பா" என்று எழுந்துவிட்டால் என்ன ஆகும்? தறி நின்றுவிடும். அப்பா எத்தனை கைதேர்ந்தவராக இருந்தாலும் அடுத்த ஊடை விழாது. திண்ணையில் சொல்லப்படும் ஒவ்வொரு சமாதானத்தையும் இந்த ஒன்றோடு வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

முதல் சமாதானம்: இது வேலை இல்லை, பழகுவது. பழகுகிற பிள்ளை தவறு செய்யலாம். அவிழ்த்துப் பார்க்கலாம், சலித்துப்போனால் விளையாடப் போகலாம். கோர்வைப் பக்கத்தில் இதில் எதற்கும் இடமில்லை. ஒரு இழை தப்பினால் புடவை குறை, குறை என்றால் கூலியில் பிடித்தம். நான் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்தும் நெசவு தெரியாமல்தான் எழுந்தேன். பாவு பிணைக்கத் தெரியாது, ஜக்கார்டு அட்டை கட்டத் தெரியாது, சாயம் தெரியாது. ஒரே ஒரு அசைவு மட்டும் தெரியும், அதை ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை செய்யத் தெரியும். தொழில் கற்றுக்கொடுக்க நினைக்கிற அப்பா பிள்ளையைத் தறியைச் சுற்றிக் காட்டுவார், ஓரத்தில் ஒட்டவைக்க மாட்டார்.

இரண்டாவது, பிஞ்சு விரல். மெல்லிய பட்டு இழையைப் பெரியவர் விரல் பிடிக்காது, பிள்ளை விரல்தான் பிடிக்கும் என்பார்கள். இதையே வட இந்தியக் கம்பள முதலாளிகள் பல காலம் சொல்லிவந்தார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உத்தரப் பிரதேசத்துக் கம்பளத் தொழிலில் நடத்தி 1996-ல் வெளியிட்ட ஆய்வு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நெசவாளர்களைப் பார்த்தது. மிக நுண்ணிய முடிச்சைப் போடுவதில் பிள்ளைகள் பெரியவர்களை மிஞ்சவில்லை. நம் ஊரில் ஆய்வே தேவையில்லை. அறுந்த பாவு இழையை எடுத்துக் கட்டுவது கோர்வையைவிட நுணுக்கமான வேலை, அதைச் செய்வது அறுபது வயதுப் பாட்டி. பிள்ளையின் விரலைத் தேடியது அது பிஞ்சு என்பதால் அல்ல. அது கூலி கேட்காது.

மூன்றாவது சமாதானம்தான் பெற்றோரை அதிகம் கட்டிப்போடுவது: வீட்டோடு இருந்தால் பத்திரம். வெளியே ஏரி இருக்கிறது, கிணறு இருக்கிறது, வண்டி ஓடுகிற சாலை இருக்கிறது. உள்ளே விட்டாலோ செல்போனைப் பிடித்துக்கொள்கிறான். இந்தப் பயம் பொய்யில்லை. கோடை விடுமுறையில் ஏரியில் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிய செய்தி வராத ஆண்டில்லை. ஆனால் அதற்கு மருந்து நீச்சல், கூடப் போக ஒரு பெரியவர், கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர். பிள்ளையைத் தறியோரம் உட்கார வைப்பது ஒரு ஆபத்தைக் காட்டி இன்னொன்றில் தள்ளுவது.

அந்த இன்னொன்று கண்ணுக்குத் தெரியாமல் வருவதால்தான் பத்திரம் போலத் தோன்றுகிறது. குழித்தறி வீட்டின் நடுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். பட்டு இழை காய்ந்து அறுந்துவிடக் கூடாது என்று வெயிலும் காற்றும் அதிகம் வராமல் வைத்திருப்போம். ஒற்றை விளக்கு, குழியில் ஈரம். பெரியவர் உயரத்துக்குச் செய்த தறியில் பிள்ளை முதுகை வளைத்துக் கழுத்தை முன்னே நீட்டினால்தான் எட்டும். எலும்பு வளர்கிற வயதில் தினமும் பல மணி நேரம் அப்படியே இருந்தால் வளைவு நிலைத்துப்போகலாம். விரல் நுனியில் பட்டு இழை அறுத்த கோடுகள் எனக்கு ஒன்பதாம் வகுப்பு வரை ஆறவில்லை.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் தை மாதம் எங்கள் பள்ளியிலிருந்து திருமலைக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆரணியிலிருந்து அதிக தூரமில்லை. ராஜராஜனின் அக்கா குந்தவை கட்டிய சமணக் கோயிலான சினாலயம், குன்றில் செதுக்கிய ஏறத்தாழ பதினாறு மீட்டர் உயர நேமிநாதர், குகையில் பழைய ஓவியம். வகுப்பே போனது. முகூர்த்தப் புடவை ஒன்றை நெய்து முடித்து அறுக்க வேண்டியிருந்ததால் நான் போகவில்லை. அடுத்த ஆண்டு கரும்பலகை தெரியாமல் போனது. நான் முன் பெஞ்சுக்கு மாறினேன், வாத்தியார் என்னை அக்கறையுள்ள மாணவன் என்று நினைத்தார். கண்ணாடி போட்டது பத்தாம் வகுப்பில்.

சுற்றுலா போகாததால் கண் கெட்டது என்று சொல்லவில்லை. கிட்டப்பார்வை வருவதற்கு மரபும் காரணம். ஆனால் சீனாவின் குவாங்சோ நகரத்துத் தொடக்கப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டு மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2015-ல் வந்தது. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் நூற்றுக்கு 39.5 பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை, வெளியே விட்ட பள்ளிகளில் 30.4. வேறு மருந்து எதுவும் கொடுக்கவில்லை, பகல் வெளிச்சம்தான். தெருவில் சுற்றுவது என்று நாம் திட்டுகிறோமே, அதில் பாதி பிள்ளையின் கண்ணுக்கு வேண்டிய சத்து. செல்போன் வேண்டாம் என்பது சரி. அதற்கு மாற்று கிட்டத்தில் வைத்துப் பார்க்கிற இன்னொரு வேலை அல்ல, மைதானம்.

"சட்டமே வுட்டுடுச்சே" என்பது அடுத்தது. 1986-ம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது, பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டு, குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலையும் திறந்தார்கள். அந்த வாசல் வேண்டாம் என்று அன்றே பலர் எதிர்த்தார்கள், நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் இருப்பதைச் சரியாகப் படிப்போம். பள்ளி நேரம் போக மீதி நேரத்தில், அல்லது விடுமுறையில் மட்டும். ஆபத்தான தொழில்களில் கூடாது. 2017-ல் வந்த விதிகள் இன்னும் இறுக்கின: இரவு 7 மணிக்கும் காலை 8 மணிக்கும் இடையில் கூடாது, ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, களைத்துப்போகும்படி ஓய்வின்றி வைக்கக் கூடாது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி உட்கார வைக்கிற எந்தத் தறி வீடும் இந்த வாசலுக்குள் வராது. அதைவிட முக்கியம், சட்டம் சொல்வது 'உதவி'. அவன் எழுந்தால் தறி நிற்கும் என்றால் அவன் உதவியாள் இல்லை, பாதித் தறி.

பிள்ளைகள் வராவிட்டால் தொழிலே அழிந்துவிடும் என்ற வாதத்தை நான் அதிகம் மதிப்பதில்லை. 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 43 லட்சம் பேர் இருந்தார்கள், 2019-20-ல் 35 லட்சம். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டின் மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழே என்று 2019-20 கணக்கெடுப்பு சொன்னது. விலகிப்போனவர்கள் பெரியவர்கள், விலகவைத்தது கூலி. கைத்தறிக்கு ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் ஓட்டக் கூடாது என்று 1985-லேயே சட்டம் இருக்கிறது, ஓட்டுகிறார்கள். அதைத் தடுக்க முடியாத நாம் பத்து வயதுப் பிள்ளையை ஓரத்தில் உட்கார வைத்தா தொழிலைக் காப்பாற்றப் போகிறோம்? நெசவில் ஆசையுள்ள பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு முடித்தபின் சேலம் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. பதினைந்து வயதில் தொடங்கினால் காலதாமதம் என்பது அனுபவம் இல்லாத பேச்சு. நான் பார்த்த நல்ல நெசவாளர்களில் இருவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் தறியில் ஏறியவர்கள்.

கடைசியாக முன்பணம். இதற்கு மட்டும் என்னால் எளிதாகப் பதில் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முதலாளியிடம் வாங்கிய பாக்கி இருக்கிறது. மாதம் இத்தனை புடவை அறுத்தால்தான் கழியும், கோர்வைக்கு ஆள் வைக்கப் பணமில்லை. காஞ்சிபுரத்துத் தறிகளில் முன்பணத்துக்காகப் பிள்ளைகள் பிறர் வீட்டில் கட்டுண்டு கிடந்ததை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-ல் விரிவாக எழுதியது. அந்தக் காலம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் பிறர் வீட்டிலிருந்து மீண்ட பிள்ளை சொந்த வீட்டில் அதே பாக்கிக்காக உட்கார்ந்தால், அவன் முதுகுக்கு வித்தியாசம் தெரியுமா? கொத்தடிமை முறை 1976-ம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழிந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. உழைப்பைப் பிணையாக வைத்த கடன் செல்லாது என்று அந்தச் சட்டம் சொல்வதை நம் தெருவில் எத்தனை பேருக்கு யாராவது படித்துக் காட்டியிருக்கிறார்கள்?

ஆசிரியர்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. முப்பது நாள் தொடர்ந்து வராத பிள்ளையைப் பற்றித் தலைமையாசிரியர் தகவல் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கோர்வைப் பக்கத்துப் பிள்ளை முப்பது நாள் தொடர்ந்து நிற்கவே மாட்டான். தையில் இரண்டு நாள், வைகாசியில் மூன்று நாள், ஆவணியில் ஒரு வாரம், தீபாவளிக்கு முன் அங்கொன்றும் இங்கொன்றும். வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் முகூர்த்த நாள் காலண்டரை வைத்துப் பாருங்கள், பிள்ளை பேசாமலே பேசும். முதல் பீரியடில் தூங்குபவனை எழுப்பி நிற்க வைக்காமல், எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேளுங்கள். விரலைப் பாருங்கள். கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்ப்பவனைப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் முதலில் அனுப்புங்கள், இலவசக் கண்ணாடி வாங்கிக்கொடுங்கள். உடற்கல்விப் பீரியடைக் கணக்குக்கு வாங்கிக்கொள்ளாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தறி வீட்டுத் தாய் ஒருத்தி இருந்தால் பாதி வேலையை அவளே முடிப்பாள். பிள்ளை அடைபட்டுக் கிடக்கிறான் என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. ஆனால் முதலில் அந்த வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்காருங்கள். சமணத் துறவிகள் தங்கிப் பாடம் சொன்ன இடத்தைப் பள்ளி என்று அழைத்ததிலிருந்துதான் நம் பள்ளிக்கூடத்துக்கே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். திருமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளி என்பது மணியடிப்பதற்கும் மணியடிப்பதற்கும் இடையிலுள்ள நேரம் மட்டும்தான் என்று நாம் இருக்கக் கூடாது.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் என்னை வெளியூர் விடுதியில் சேர்க்கச் சொல்லி ஒரு வாத்தியார் நான்கு நாள் எங்கள் வீட்டுக்கு நடந்தார். நான்காம் நாள் அப்பா சரி என்றார். நான் எழுந்த இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். சோறு ஆக்கி, தார் சுற்றி, துணி துவைத்து, அதற்கு மேல் கோர்வை. முதலாளி வீட்டுக் கணக்கு நோட்டில் எங்கள் தறிக்கு அன்றும் ஒரு கூலிதான் எழுதினார்கள். இன்றும் அந்த நோட்டில் இரண்டாவது ஆளுக்கென்று ஒரு வரி கிடையாது.